பீரோவில் பூட்டிய பியட்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்தில் கால் வைத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"வீட்ல குழந்தைங்க நிறைய இருக்காங்களா?"

"இரண்டு. ஒன்றுக்கு வயசு இரண்டரை, இன்னொன்றுக்கு அறுபத்தேழு" என்பேன் நான். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பரை உயர்த்திக்கொள்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். கேள்விக்குக் காரணம், கூடத்துச் சுவரில் இருக்கிற கண்ணாடி அலமாரி. அதில் நாற்பத்தொரு குட்டிக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அத்தனையும் இத்தாலி நாட்டுக் கார்கள். வேறு தேசத்து வண்டிக்கு அங்கே இடம் கிடையாது.

சகோதரிகளே, கஷாயம், கைவைத்தியம், மாதச் செலவுக் கணக்கு என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்தத் தடவை காரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாளே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்தக் குட்டிக் கார்களால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு குழந்தை ஆபத்திலிருந்து தப்பியது. நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயமும் வெளியே வந்தது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

முதலில் இவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். "பொம்மை" என்றால் இவருக்குப் பிடிக்காது. "மாடல்" என்று சொல்லவேண்டுமாம். அசல் வண்டியை அளந்து, எல்லாப் பாகங்களையும் ஒரே கணக்கில் சுருக்கிச் செய்கிறார்கள். 43-இல் ஒரு பங்கு, 24-இல் ஒரு பங்கு, 18-இல் ஒரு பங்கு என்று அளவுகள் உண்டு. 1957-இல் இத்தாலியில் வந்த பியட் 500 என்ற சின்னக் காரின் நீளம் 297 சென்டிமீட்டர். அதை 43-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 7 சென்டிமீட்டர், உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும். 18-இல் ஒரு பங்கு என்றால் ஒரு சாண் அளவுக்கு வளர்ந்துவிடும்.

அது என்ன 43, ஐம்பது என்று முழுசாக வைத்தால் என்ன என்று நானும் கேட்டேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்து விளையாட்டு ரயில்களில் அசலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு வழக்கத்தில் இருந்ததாம். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 43-உம் சொச்சமும் வரும். ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கக் கார் வேண்டுமே என்று செய்ய ஆரம்பித்தது, கார் பிடித்தவர்களிடம் தனியாகத் தங்கிவிட்டது.

செய்கிற விதம் நமக்குத் தெரிந்ததுதான். அச்சு வெல்லம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பாகை அச்சில் ஊற்றி, ஆறினதும் தட்டி எடுப்பார்கள். இங்கே பாகுக்குப் பதில் துத்தநாகக் கலவை. மர அச்சுக்குப் பதில் எஃகு அச்சு. ஏறக்குறைய 400 டிகிரி சூட்டில் உருகிய உலோகத்தை மிகுந்த அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அதனால்தான் கதவிடுக்கு, கைப்பிடி, முன்பக்கத்துக் கம்பி வலை எல்லாம் அப்படியே பதிகின்றன. இந்தக் கலவைக்கு 'ஜமாக்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். அமெரிக்காவில் 1929-இல் உருவாக்கினார்கள். இந்த உலோகத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

இத்தாலிக்காரர்கள் கார் செய்வதில் எப்படியோ, அதைக் குட்டியாகச் செய்வதிலும் அப்படியே. 1960-களின் தொடக்கத்திலிருந்தே ரியோ என்ற பெயரில் பழைய காலத்து வண்டிகள் வந்தன. ப்ரம் என்ற நிறுவனம் 1972-இல் ஆரம்பித்தது. மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் புராகோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1974-இல் அங்கே ஆரம்பித்த தொழிற்சாலை, அந்த ஊர்ப் பெயரையே தன் வண்டிகளுக்கு வைத்தது. 18-இல் ஒரு பங்கு அளவு உலகமெல்லாம் பரவினதற்கு அதுவும் ஒரு காரணம். 2005-இல் அந்த இத்தாலிக் கம்பெனி மூடப்பட்டது. இப்போது அதே பெயரில் வருகிற வண்டிகள் ஹாங்காங் குழுமம் ஒன்றுடையவை. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இவரோடு குடித்தனம் செய்தால் உங்களுக்கும் தெரியும்.

"உலகத்தில் எத்தனையோ தேசத்து வண்டி இருக்கு. உங்களுக்கு ஏன் இத்தாலியே?" என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன்.

"அப்பாகிட்ட ஒரு பியட் இருந்தது" என்றார். அதோடு சரி. பியட் 1100 என்கிற அந்த வண்டியை உங்களில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1953-இல் இத்தாலியில் புது உருவத்தோடு வந்த கார். அதையே பம்பாயில் ப்ரீமியர் நிறுவனத்தார் செய்தார்கள். 1970-களில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. பம்பாய் டாக்சி என்றால் கறுப்பும் மஞ்சளுமாக அந்த வண்டிதான். அங்கே கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. ஆக, நம் ஊர்த் தெருக்களில் ஓடிய எத்தனையோ பியட்டுகள் பிறந்தது இங்கே என்றாலும் பூர்வீகம் இத்தாலி.

2011-இல் அலுவலக வேலையாக மிலான் போன நண்பர் ஒருவர், பழஞ்சாமான் சந்தையில் கிடைத்தது என்று ஒரு வெளிர்நீல 1100 மாடலைக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. அதைக் கையில் வாங்கியபோது இவர் முகம் போன போக்கை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதை மட்டும் அலமாரியில் வைக்கவில்லை. மஸ்லின் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, இரும்பு பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். சாவி இவரிடம். "அது யார் கையும் படாம இருக்கணும்" என்றார். என் நகையைக்கூட இத்தனை ஜாக்கிரதையாக வைத்ததில்லை.

இனி சண்டைக்கு வருகிறேன்.

போன வருஷம் மகனும் மருமகளும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். பேரனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஒரு நாள் காலையில் இவர் அலமாரியைத் துடைத்துவிட்டுப் பூட்ட மறந்து குளிக்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். குழந்தையின் சத்தமே இல்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், சத்தம் இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். எட்டிப் பார்த்தால், முக்காலியின் மேல் ஏறி நிற்கிறான். கையில் ஒரு பியட் 500. வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது.

கிட்டே போய் மோவாயைப் பிடித்து, "கண்ணா, பாட்டி கையில துப்பு" என்றேன். நல்ல வேளை, துப்பிவிட்டான். கறுப்பு ரப்பர் டயர் ஒன்று. கொத்துக்கடலை அளவு இருக்கும். காரைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இரண்டு டயர் இல்லை. இன்னொன்று எங்கே? சோபாவுக்கு அடியில் அது கிடைக்கிற வரையில் எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே முழுதாக எழுத முடியாது. "உங்களுக்கு வண்டி முக்கியமா, குழந்தை முக்கியமா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். மருமகள், "விடுங்க அத்தை, ஒண்ணும் ஆகலையே" என்று சமாதானப்படுத்தினாள். ஆனால் அவள் குரலும் நடுங்கியது. இவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் நாற்பது வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, மூன்று அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, பரணில் ஏற்றிவிட்டார். அலமாரி காலியாக நின்றது.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து நாள் போனதும் கூடம் வெறிச்சென்று இருப்பது உறைத்தது. இவரும் மாறிப்போனார். சாயங்காலம் அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏதாவது ஒன்றைத் துடைப்பது வழக்கம். இப்போது அதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். வாயைத் திறந்து "எல்லாத்தையும் கீழே எடுங்க" என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. குழந்தை விஷயம் ஆயிற்றே.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணை, தையல் மெஷின், இவருடைய ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். பீரோவில் இருக்கிற நீல பியட்டுக்கும் வருஷம் தவறாமல் ஒரு பொட்டு உண்டு. அதைக்கூட இவர்தான் வைப்பார். சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். துணியை விலக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். வண்டியின் மேலெல்லாம் சிலந்தி வலை பின்னினாற்போல விரிசல். அடித்தட்டு வளைந்திருந்தது. கதவுப் பக்கம் உப்பிப் போயிருந்தது. இவர் இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கினார். முன்பக்கத்து பானெட், வெந்த புட்டு மாதிரி உதிர்ந்து துணியில் விழுந்தது.

"யார் தொட்டது?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பேரன் இவர் மடியைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தான். "தாத்தா, வண்டி ஏன் பொடியாச்சு?"

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார். "இது உன் கொள்ளுத்தாத்தா வண்டிடா" என்று ஆரம்பித்தார். நான் சந்தனக் கையோடு வாசற்படியில் நின்று கேட்டேன்.

ஈரோட்டில் மாமனாருக்கு மஞ்சள் மண்டி. கார் வேண்டும் என்று பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1967-இல் வண்டி வந்தது. இவருக்கு ஒன்பது வயது. பாட்டி ஆரத்தி எடுத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாளாம். அந்த வண்டியில் கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். மாமனார் மடியில் உட்கார்த்திவைத்து, தன் கைக்குள் இவர் கையை வைத்து அந்தக் கியரைப் போடச் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவது இவர் வேலை. கண்ணாடி துடைக்க ஒரு மஞ்சள் துணி.

1979-இல் என் பெரிய நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மண்டியில் அந்த வருஷம் கை நஷ்டம். வண்டியைக் கரூரில் ஒருவருக்கு விலை பேசினார்கள். கொண்டுபோய் விடவேண்டியது யார்? மாமனாருக்குத் தெம்பு இல்லை. இருபத்தொரு வயதுப் பையன், இவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ். பாதி வழியில் சட்டைப் பையில் கை விட்டால் அந்த மஞ்சள் துணி இருந்ததாம். வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்டது ஒரே கேள்வி. "நல்லா ஓடுச்சா?" "ஓடுச்சுப்பா." அதற்கப்புறம் அவர் காலமாகிற வரையில் அப்பாவும் பிள்ளையும் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பணம் எப்படிப் புரண்டது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கல்யாணமாகி நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவர் அதை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் இரண்டு வயதுக் குழந்தை கேட்டுத்தான் திறந்தது.

வண்டி ஏன் உதிர்ந்தது என்பதை இவரைப் போலவே சேகரிக்கிற நண்பர் ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். யாருடைய கையும் காரணமில்லை. துத்தநாகக் கலவையில் காரீயம் கலந்துவிட்டால் இந்தக் கேடு வருமாம். கலவை மிகவும் சுத்தமாக இருக்கவேண்டும். காரீயம் லட்சத்தில் 5 பங்கு அளவைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பட்டறையில் ஏதோ பழைய ஈயத்துண்டு தவறி விழுந்தால்கூடப் போதும், ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் மாதிரிதான். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு மெள்ள மெள்ள நடந்துகொண்டிருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். எங்கள் வீடோ கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. காற்றோட்டமில்லாத பீரோவுக்குள், துணி சுற்றி, மழைக்காலம் மழைக்காலமாக இருந்திருக்கிறது.

"இதை நிறுத்த ஏதாவது மருந்து?" என்று கேட்டார் இவர்.

"ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. ஆனா பக்கத்து வண்டிக்குத் தொத்தாது. அதது பிறக்கும்போது கலந்த கலவை" என்றார் நண்பர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை கடித்த பியட் 500 பரணில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு டயரை மாட்டினால் போதும். யார் கையும் படக்கூடாது என்று வைத்ததுதான் போய்விட்டது. மறுநாள் காலையில் நானே தச்சரைக் கூப்பிட்டனுப்பினேன்.

அலமாரியை ஐந்தடி உயரத்துக்கு ஏற்றி, சுவரோடு சேர்த்துத் திருகு போட்டு முடுக்கச் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி என் மாங்கல்யச் சரட்டில் இல்லை, பயப்படாதீர்கள், அடுப்படி ஆணியில். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின. அப்புறம் நான் ஒரு சட்டம் போட்டேன். தினம் சாயங்காலம் ஒரே ஒரு வண்டி வெளியே வரும். தாத்தா கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பேரன் ஒரு விரலால் தொடலாம். தாத்தா அந்த வண்டிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். சொன்னதும் வண்டி உள்ளே போய்விடும்.

சட்டம் போட்டது குழந்தைக்காக. ஆனால் பலன் எனக்கும் மருமகளுக்கும். நாங்களும் காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறோம்.

முதல் நாள் பெராரி வந்தது. "ஏன் தாத்தா சிவப்பு?" அந்தக் காலத்துப் பந்தயங்களில் தேசத்துக்கு ஒரு நிறம், இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு. "இந்தக் குதிரை யாரு?" அதற்குத்தான் நல்ல கதை. முதல் உலக யுத்தத்தில் பிரான்செஸ்கோ பராக்கா என்று இத்தாலியின் பெயர் பெற்ற விமானி ஒருவர் இருந்தார். தம் விமானத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரையை வரைந்திருந்தார். 1918-இல் போரில் இறந்துபோனார். 1923-இல் என்சோ பெராரி என்ற இளம் பந்தய ஓட்டுநர் ஒரு போட்டியில் ஜெயித்தபோது, இறந்தவரின் தாயார் அவரிடம், என் பிள்ளையின் குதிரையை உன் வண்டியில் போட்டுக்கொள், அதிர்ஷ்டம் வரும் என்று சொன்னாராம். பெராரியே பிற்பாடு சொன்ன விஷயம் இது. பராக்காவின் குதிரை கறுப்பு. அது நிற்கிற மஞ்சள், பெராரி பிறந்த மோதெனா ஊரின் நிறம்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவனுடைய அடையாளத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. யாரோ ஒரு பையனிடம் கொடுத்து, ஓட்டு என்றிருக்கிறாள். இவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு நாள் டோப்போலினோ. 1936-இல் டாண்டே ஜியாகோசா என்ற பொறியாளர் உருவாக்கிய முதல் பியட் 500. டோப்போலினோ என்றால் சுண்டெலி. இத்தாலியில் மிக்கி மவுசுக்கும் அதுதான் பெயர். அந்தச் சுண்டெலிக்கு ஒரு பெண் கதை உண்டு. நேப்பிள்ஸ் ஊர்க்காரி மரியா தெரசா தெ பிலிப்பிஸ். உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்மார்கள் சீண்டினார்கள். 1948-இல் ஒரு பியட் 500-ஐ எடுத்துக்கொண்டு போய் முதல் பந்தயத்திலேயே ஜெயித்து வந்தாள். 1958-இல் மசராட்டி வண்டியில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினாள். அதில் ஓட்டிய முதல் பெண் அவள்தான். பெல்ஜியத்தில் பத்தாவதாக வந்தாள்.

"அத்தை, நான் டிரைவிங் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாள் மருமகள் அன்றைக்கு. மகன் வாயைத் திறப்பதற்குள் நான் "போய்ச் சேர்ந்துக்கோ" என்றுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

மாடல் கார் சின்னக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. டயர், பக்கக் கண்ணாடி, விளக்கு எல்லாம் பிய்ந்து வரும். 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள குழாயில் முழுதாக அடங்கிப்போகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேரனுக்குப் பெரிய சக்கரம் வைத்த மரவண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதை அவன் எப்படி வேண்டுமானாலும் போட்டு உடைக்கட்டும்.

வாயில் எதையாவது போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் விரலை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள்; பொருள் இன்னும் உள்ளே போய்விடும். பலமாக இருமுகிற குழந்தையை இருமவிடுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மூச்சுத் திணறினால் முதுகில் தட்டுகிற முறையை முன்கூட்டியே டாக்டரிடமோ நர்சிடமோ நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய காலத்து வண்டிகளின் பெயிண்டில் காரீயம் இருக்கலாம். தொட்டபின் கை கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டக்கூடாது.

தூசிக்கு ஈரத்துணி வேண்டாம். முகப்பவுடர் பூசும் மெல்லிய பிரஷ் போதும். வெயில் நேரே படுகிற இடத்தில் வைத்தால் நிறம் மங்கும். அந்துருண்டை போடவே போடாதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் பெரிய ஆபத்து. ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். விரிசல், உப்பல் தெரிந்தால் அதை இனி அதிகம் தொடாமல் தனியாக வைக்கலாம்.

பண விஷயம்? எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் இப்போது இதற்கென்று ஒரு வரி இருக்கிறது. மளிகை, பால், மருந்து, கார். ஒளித்து வாங்கி வருவதும், விலையைப் பாதியாகச் சொல்வதும் நின்றுபோயின. கணவரின் பொழுதுபோக்கைத் தடுப்பதைவிட நோட்டில் எழுதிவிடுவது சுலபம்.

உதிர்ந்த நீல பியட்டை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. குப்பையில் போட இவருக்கு மனசு வரவில்லை; எனக்கும்தான். ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு வைத்து, துண்டுகளை அடுக்கி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருக்கிறோம். அதற்கு மட்டும் கதை சொல்ல முறை கிடையாது. யார் கேட்டாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். போன மாதம் என் நாத்தனார் வந்திருந்தபோது இவர் அதைச் சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டா, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

நேற்று வேலைக்கு வருகிற அம்மாள் அலமாரியை அண்ணாந்து பார்த்து, "இந்த உடைஞ்சதை ஏம்மா வெச்சிருக்கீங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பேரன் மரவண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அது கொள்ளுத்தாத்தா வண்டி. அத்தைப்பாட்டி கல்யாணத்துக்குப் போயிடுச்சு. தாத்தா பஸ்ஸுல வந்தாரு."

இவர் பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. ஆனால் அது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.